கடிபடாத பிரஷ்கள்

“ரெண்டே ரெண்டு வார்த்தைதான் கேக்கறேன். அதுக்குப் போய் இவ்வளவு யோசனையா?”

“என்ன வார்த்தைன்னு தெரிஞ்சா யோசனை வராது மேடம்.”

“உங்க மனசுல இருக்கறதுதான். நான் என்ன எழுதிக் குடுத்தா படிக்கச் சொல்றேன்? இது என் தம்பி ரூம், அவன் இங்க சந்தோஷமா இருக்கான். போதும். நாங்க சொன்னா கமிட்டிக்காரங்க விளம்பரம்னு நினைப்பாங்க. கூடப்பிறந்தவங்க சொன்னா கண் கலங்குவாங்க.”

மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான அந்த இல்லத்தின் இயக்குநர் அம்மையார் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்த அக்காக்காரி அந்தச் சிரிப்பைத் தொழில் கண்ணால் பார்த்தாள்.

அவளுக்குப் பிழைப்பே பல்தான். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கு மெழுகில் ஈறு வார்த்து, பல் பதித்து, பொக்கை வாய்களை மறுபடி சிரிக்க வைக்கும் கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள். யாரைப் பார்த்தாலும் அவளுக்கு முகம் பிறகுதான் தெரியும், வாய் முதலில் தெரியும். அம்மையாரின் முன்வாயில் இருந்தவை சொந்தப் பற்கள் அல்ல. கடையிலேயே அதிக வெள்ளை எதுவோ அதைக் கொடு என்று கேட்டு வாங்கிய வெள்ளை. மனிதனுக்கு அந்த நிறத்தில் பல் முளைப்பதில்லை. கைகழுவும் தொட்டிகள்தான் அந்த நிறத்தில் வரும்.

சரி, சொல்கிறேன் என்று தலையாட்டினாள். சொல்வதில் அவளுக்குப் பெரிய சிரமம் இல்லை. பொய் இல்லையே. அறை நன்றாகத்தான் இருந்தது. இந்த இல்லத்தில் அவளுக்கு எரிச்சல் தராத ஒரே விஷயம் அந்த அறைதான்.

மற்ற எல்லாமே எரிச்சல். வரவேற்பறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். பால் பற்கள் தெரியச் சிரிக்கும் ஒரு பிள்ளை. அதன் அடியில், ‘இங்கே நோயாளிகள் இல்லை, குழந்தைகள் மட்டுமே’ என்று கொட்டை எழுத்து. அந்தப் பிள்ளை இந்த இல்லத்தின் வாசற்படியைக்கூட மிதித்திருக்காது. இங்கே இருந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு வழுக்கை. அவள் தம்பிக்குத் தாடி அவளுடைய தலையைவிட நரைத்திருந்தது. அவனைத்தான் அம்மையார் ‘எங்க செல்லம்’ என்பார். ‘செல்லம் இன்னிக்கு சமர்த்தா சாப்ட்டாச்சு’ என்று வாரத்துக்கு ஒருமுறை போனில் குரல் வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் அக்காக்காரிக்கு வாய்க்குள் பிளாஸ்டர் பொடி போனதுபோல் இருக்கும்.

ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். வேறு வழியில்லை. அம்மா போனபிறகு தம்பியைத் தன்னோடுதான் வைத்துக்கொண்டாள். அவள் குடியிருப்பது பல் கூடத்துக்கு மேலே ஒற்றை அறை. கீழே காலையிலிருந்து இருட்டும்வரை ராவும் இயந்திரங்கள் கீச்சிடும். அந்தக் கீச்சொலி அவளுக்குக் காதோரம் பறக்கும் கொசு. அவனுக்கு அது மண்டைக்குள் இறங்கும் ஆணி. சுவரில் தலையை மோதிக்கொண்டே இருந்தான். நெற்றியில் கட்டுப் போட்டுப் போட்டு ஓய்ந்து, கடைசியில் இங்கே கொண்டுவந்து விட்டாள். ஊருக்கு வெளியே, சத்தமில்லாத இடம். அது ஒன்றுக்காகவே இந்தச் செல்லத்தையும் சமர்த்தையும் சகித்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள்.

இங்கே இருப்பு என்பது வருடாவருடம் நீட்டிக்கப்படும் தயவு. இன்று வரும் கமிட்டி நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் இல்லத்துக்குப் பெரிய அங்கீகாரம் கிடைக்கும். அதோடு சிலருக்கு நிரந்தர இடமும் கிடைக்கும். நிரந்தரம் கிடைத்தவனை ஆயுள் முழுக்க யாரும் போ என்று சொல்ல முடியாது. அவள் செத்தபிறகும்கூட. அவளுக்கு வேண்டியது அந்தக் கடைசிச் சொல்தான்.

“நிரந்தரம் யாருக்குன்னு இன்னிக்கு சாயங்காலமே உக்காந்து பேசறோம்,” என்றார் அம்மையார், எழுந்துகொண்டே. “நல்லா ஒத்துழைக்கற குடும்பத்தைத்தானே முதல்ல பார்ப்போம்? நீங்க போய் ரூம்ல இருங்க. தம்பியை அப்புறமா ரெடி பண்ணிக் கூட்டிட்டு வருவாங்க. கேட்ல மணி அடிச்சா கமிட்டி வந்தாச்சுன்னு அர்த்தம்.”

அறைக் கதவில் தம்பியின் பெயர் செதுக்கிய மரப்பலகை மாட்டியிருந்தது. உள்ளே நீலத் திரைச்சீலை, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், அம்மா பின்னிய கம்பளி விரித்த கட்டில், மேஜையில் குடும்பப் படம். படத்தில் அப்பா, அம்மா, அவள், இவர்களுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தம்பி. சின்ன வயதிலிருந்தே அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பான். செருப்பு கோணலாக இருந்தால் நேராக்குவான். அப்பா அவனுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். வீட்டுக்குள் வேறு பெயரே இல்லை.

மேஸ்திரிக்கு இன்னொரு சட்டம் உண்டு. டப்பாவோ பாட்டிலோ எதுவானாலும் ஒட்டியிருக்கும் காகிதம் சுவர்ப்பக்கம்தான் திரும்பியிருக்க வேண்டும். எழுத்துகள் அவனை முறைக்கின்றன என்பது அவன் கட்சி. அம்மா எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காலமெல்லாம் திறந்து திறந்து முகர்ந்து பார்த்தே சமைத்தாள்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வந்து பார்க்க வேண்டும் என்பது இங்கே விதி. அவள் வரும்போதெல்லாம் அவன் இந்த அறையில், இந்த நாற்காலியின் விளிம்பில், இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பான். கட்டிலில் சாய மாட்டான். ஜன்னலைத் திறக்க மாட்டான். ஏன் கையை இப்படி நசுக்கிக்கொள்கிறான் என்று ஒருமுறை கேட்டாள். அது சுய ஒழுங்குமுறை, பயிற்சியின் பலன், வெளிநாடுகளில் இதற்கென்றே தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அம்மையார் ஒரு சின்னச் சொற்பொழிவே நடத்திவிட்டார். படித்தவர்கள் பெரிய வார்த்தையைத் தூக்கிப் போட்டால் எதிரில் இருப்பவர்கள் குனிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போகட்டும், தம்பிக்கு நல்லதென்றால் குனியலாம்.

சில மாதங்களுக்கு முன் அவன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். அதற்கும் அம்மையாரிடம் வார்த்தை இருந்தது. நடத்தைச் சிக்கல். டாக்டர் மாத்திரை எழுதினார். இப்போது அறைந்துகொள்வதில்லை, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் இருப்பவன்போல் உட்கார்ந்திருப்பான். பாருங்கள், எவ்வளவு அமைதி என்று அம்மையார் சொல்ல, இவளும் பார்த்தாள்.

இன்று அறையில் ஒரு மாற்றம். எப்போதும் பூட்டிக் கிடக்கும் குளியலறைக் கதவு திறந்திருந்தது. குழந்தைகளின் அந்தரங்கம், விருந்தாளிகளுக்கு அனுமதி இல்லை என்று அதற்கொரு காரணம் சொல்லியிருந்தார்கள். கமிட்டியின் காலடியில் அந்தரங்கத்தை விரித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கண்ணாடிக்குக் கீழே ஒரு டம்ளர். அதில் பூங்கொத்து வைத்ததுபோல் விரிந்து நின்றன அவள் செய்துகொடுத்த பிரஷ்கள்.

அவை கடையில் கிடைப்பவை அல்ல. மேஸ்திரிக்கு ஒல்லியான கைப்பிடி பிடிபடாது, நழுவும். அதனால் அவனை ஒரு மெழுகு உருண்டையை இறுகப் பிடிக்கச் சொல்லி, அந்தப் பிடியை அச்செடுத்து, செயற்கை ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கில் கைப்பிடி வார்த்துக் கொடுத்தாள். அவன் விரல் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பள்ளம் உண்டு. உலகத்தில் வேறு எந்தக் கைக்கும் அது பொருந்தாது. வரும்போதெல்லாம் ஒன்று கொண்டுவருவாள், ஏனென்றால் ஒரு பிரஷ் அவனிடம் ஒரு வாரம் தாங்காது. தேய்ப்பதைவிடக் கடிப்பது அதிகம். இழைகள் தேய்ந்த துடைப்பம்போல் நாலாபக்கமும் பிய்ந்து நிற்கும்.

இங்கே டம்ளரில் நின்றவற்றில் ஒன்றுகூடக் கடிபட்டிருக்கவில்லை. அவள் கொண்டுவந்து கொடுத்த அத்தனையும், முதல் தடவை கொடுத்ததுகூட, இழைகள் நிமிர்ந்து, புது மாப்பிள்ளை தலைபோல் வாரிவிட்ட வரிசையாக நின்றன. அழகாக இருக்கிறதே என்று யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்கள். அலங்காரம் செய்தவருக்கு ஒரு வாய்க்கு எத்தனை பிரஷ் வேண்டும் என்கிற அறிவுகூட இல்லை. சோப்பை எடுத்துப் பார்த்தாள். அதில் பதித்த எழுத்துகள் கையில் உறுத்தின. தண்ணீர் படாத சோப்பு. எழுத்துகள் எல்லாம் நேரே அவளைப் பார்த்தன. அலமாரியில் எண்ணெய், பவுடர், ஷாம்பு, எல்லாம் முன்பக்கம் காட்டி, கடையில் நிற்பதுபோல் நின்றன.

இந்த அறையில் மேஸ்திரி ஒருநாள்கூட வாழ்ந்ததில்லை.

ஒரு பிரஷை உருவிக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் ஆள் இல்லை. எல்லோரும் வாசலில் பூந்தொட்டிகளை இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். வார்டனின் குரல் அங்கிருந்து கேட்டது. அவள் எதிர்த் திசையில் நடந்தாள். சமையலறையைத் தாண்டியதும் தரையின் பளபளப்பு நின்றுவிட்டது. கமிட்டி எதுவரை நடக்கும் என்று கணக்குப் போட்டு அதுவரைக்கும் மட்டும் மெழுகியிருந்தார்கள். வெளிச்சமும் அங்கேயே திரும்பிப் போய்விட்டதுபோல் இருந்தது. பெரிய கப்பல்களில் மேல்தளத்தில் விருந்து நடக்க, அடித்தளத்தில் வேறொரு கூட்டம் கரி அள்ளிக்கொண்டிருக்கும் என்பார்களே, அப்படி ஒரு இறக்கம்.

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு மர அலமாரி. அதன் தட்டுகளில் வரிசையாக அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு பெயர்ப்பலகை படுத்திருந்தது. தம்பியின் கதவில் தொங்கியதே, அதே மரம், அதே செதுக்கு, வேறு வேறு பெயர்கள். ஒரு பெட்டியைத் திறந்தாள். மடித்த போர்வை, யாரோ ஒரு அம்மாவும் அப்பாவும் சிரிக்கும் சட்டம் போட்ட படம், ஒரு பொம்மை ரயில். இன்னொன்றில் வேறு போர்வை, வேறு அம்மா, வேறு அப்பா. ஒரே ஒரு பெட்டி மட்டும் காலியாக, மேலே பலகை இல்லாமல் இருந்தது. அது யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதில் இருந்தவையெல்லாம் இப்போது அந்த நீலத் திரைச்சீலை அறையில் பரப்பப்பட்டிருந்தன.

எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அறை. சொல்லிவிட்டு வந்தால்தான் பார்க்கலாம் என்ற விதி இதற்குத்தான். ஒரு அம்மா அழுது முடித்துக் கிளம்பியதும் பலகை மாறும், போர்வை மாறும், படத்தில் இருக்கும் அப்பா மாறுவார். அடுத்த அம்மா வந்து, என் பிள்ளைக்கு ஜன்னலோர அறை கிடைத்ததே என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நாடகக் கொட்டகைக்காரன்கூடக் காட்சிக்குக் காட்சி திரையை மாற்றுவான். இவர்கள் அந்தச் செலவும் செய்யவில்லை.

அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. நீக்கினாள்.

நீளமான கூடம். உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். தரையோடு தரையாக மெத்தைகள், சுருட்டி வைத்தவை சில, சுருட்டாமல் மனிதர்கள் படுத்திருந்தவை சில. சத்தம் வராத ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. மூத்திர நாற்றத்தின் மேல் பினாயில் ஊற்றி இரண்டையும் சண்டைக்கு விட்டிருந்தார்கள். குழந்தைகள் மட்டுமே இருக்கும் அந்த இல்லத்தின் குழந்தைகள், வழுக்கையும் நரையுமாக, அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பியைத் தேட வேண்டியிருக்கவில்லை. சுவரோரம் ஒரு இடத்தில் தண்ணீர் பாட்டில்கள் நேர்கோட்டில் நின்றன. எல்லாவற்றிலும் ஒட்டிய காகிதம் சுவரைப் பார்த்திருந்தது. வரிசையின் முடிவில் மேஸ்திரி, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சட்டையில் காய்ந்துபோன கஞ்சி.

“அக்கா,” என்றான். பிறகு தன் உள்ளங்கைகளை அவசரமாகத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

அவள் வாய் திறக்குமுன் பக்கத்து மெத்தையிலிருந்து ஒருவன் எழுந்து நின்றான். எல்லோரும் அவனை ரேடியோ என்பார்கள். தோட்டத்தில் அவனை அவள் பார்த்திருக்கிறாள்; கேட்டதைக் கேட்டபடி, கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்வான், சொந்தமாக ஒரு சொல் பேச மாட்டான். விருந்தாளி வந்துவிட்டது கண்ணில் பட்டதும் அவனை மட்டும் அவசரமாக எங்கோ அனுப்பிவிடுவார்கள். ஏன் என்று இப்போது புரிந்தது.

“கையைத் தொடைக்கு அடியில வை,” என்றான் ரேடியோ, அச்சு அசலாக வார்டனின் குரலில். “எதையும் தொடாதே. கட்டில்ல உக்காராதே, கசங்கும். தொட்டா ராத்திரி சாப்பாடு கிடையாது.” ஒரு மூச்சு விட்டு, குரலில் தேன் ஊற்றிக்கொண்டு, அம்மையாராக மாறினான். “எங்க செல்லம், அக்கா வந்திருக்காங்க பாரு, சிரி. சீக்கிரம் எழுப்புப்பா, அடுத்த குடும்பம் கேட்ல நிக்குது.”

அம்மையாரே வந்து எதிரில் நின்றிருந்தால்கூட அவ்வளவு அம்மையாராக இருந்திருக்க மாட்டார். சிரிப்பின் முடிவில் மூக்கால் உறிஞ்சும் அந்தச் சின்ன ஓசையைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

அக்காக்காரி தம்பியின் முன்னால் மண்டியிட்டாள். வாயைத் திற என்றாள். திறந்தான். பின்னால், இடதுபக்கம், கடைவாய்ப் பல் பாதி உடைந்து கறுத்திருந்தது. அதைச் சுற்றி ஈறு வீங்கிப் பழுத்து, சீழ் கட்டியிருந்தது. அதைப் பார்க்க டாக்டர் வேண்டாம். கண் இருந்தால் போதும். மாதக்கணக்கில் முற்றிய வலி அது. தலையைச் சுவரில் மோதவைக்கும் வலி. அவன் தன் கன்னத்தில் அறைந்துகொண்டது, எனக்கு இங்கே வலிக்கிறது என்று சொல்வதற்கு அவனிடம் இருந்த ஒரே வழி. அதற்குத்தான் இவர்கள் நடத்தைச் சிக்கல் என்று பெயர் சூட்டி, தூக்க மாத்திரை போட்டு வாயடைத்திருக்கிறார்கள்.

இவர்களை மட்டும் சொல்லி என்ன? முகம் தெரியாத ஆயிரம் வாய்களை அச்சில் பார்த்தே இந்தப் பல் தேயும், அந்தப் பல் ஆடும் என்று சொல்கிறவள், வருகிறபோதெல்லாம் இந்த வாய்க்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்து, திரைச்சீலையின் நிறத்தைப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு எச்சில் கசந்தது. துப்ப இடம் தேடினாள். விழுங்கினாள்.

இப்போதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம். எங்கே? அந்த ராவும் இயந்திரங்களுக்கு மேலேயா? போகும்போது ரேடியோவையும், டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களையும் உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நாளைக்கு நீலத் திரைச்சீலை அறையில் வேறு பலகை மாட்டுவார்கள். வேறு அக்கா வந்து தலையாட்டுவாள்.

“மேஸ்திரி, இங்க பாரு. கேட்ல மணி அடிக்கும். அடிச்சதும் நீ ரூமுக்கு வரணும். அக்கா அங்க இருப்பேன்.”

“வார்டன் கூட்டிட்டுப் போவார்.”

“இல்ல. நீயே வரணும். நடந்து.”

அவன் அதை உள்ளே எங்கோ ஓர் அலமாரியில், முகம் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பதுபோல், கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு, “மணி. ரூம்,” என்றான். அது போதும். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அம்மா ஒருமுறை பால் பொங்கினால் அணை என்று சொல்லிவிட்டுப் போய், திரும்பிவர வெகுநேரமாக, அடுப்பே பற்றவைக்காத பாலின் முன்னால் அவன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

வெளியே வந்தவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போடவில்லை.

மெழுகிய தரை தொடங்கும் இடத்தில் அம்மையாரே எதிரே வந்துவிட்டார். இவள் வந்த திசையைப் பார்த்தார்; கையிலிருந்த பிரஷைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் அதிலிருந்து விலகிக்கொண்டன. அந்தக் கூடம் தற்காலிக ஏற்பாடு, மராமத்து நடக்கிறது என்றார். ஆள் பற்றாக்குறை என்றார். இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று வெளியே இருந்து பேசுகிறவர்களுக்குத் தெரியாது என்றார். ஒவ்வொரு சாக்கும் முந்தைய சாக்கின் காலை வாரியது. அது தெரியாமல் அவர் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனார். இவ்வளவு பெரிய பொய்யை நடத்துகிறவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லையே என்று அக்காக்காரிக்கு ஆச்சரியமாக இருந்தது. பழக்கம் இல்லை போலும். இதுவரை யாரும் கேட்டதில்லை.

“பல்லு பழுத்துக் கிடக்கு மேடம் அவனுக்கு.”

“அப்படியா? கமிட்டி போகட்டும், நாளைக்கே காட்டிடலாம்.” அம்மையார் குரலைத் தாழ்த்தினார். “நீங்க விவரமானவங்க. கோபத்துல ஏதாவது சொல்லிட்டு அவனைக் கூட்டிட்டு எங்க போவீங்க? உங்க வீட்டுக்கா? போன தடவை நெத்தியில எத்தனை தையல்? நான் மிரட்டலை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சாயங்காலம் நிரந்தரம். ரெண்டே வார்த்தை.”

அப்போது வாசலில் மணி அடித்தது.

கமிட்டி என்பது மூன்று பேர். தலைவர் ஏதோ ஒரு துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நடக்கும்போதே உட்கார்ந்திருப்பவர்போல் ஒரு தோரணை. கூட ஒரு டாக்டர், போனைக் காதிலிருந்து எடுக்காமலே எல்லாவற்றையும் ஆமோதித்தார். மூன்றாவது ஒரு சமூக சேவகி. கைப்பைக்குப் பொருத்தமாகச் சேலையா, சேலைக்குப் பொருத்தமாகக் கைப்பையா என்று சொல்ல முடியாது. மூவரும் தாழ்வாரத்தில், பளபளப்பு எங்கே முடிகிறதோ அதற்கு ஒரு சாண் முன்னால், யாரும் சொல்லாமலே திரும்பினார்கள். பார்க்க வேண்டாதது எங்கே தொடங்குகிறது என்று இப்படிப்பட்டவர்களுக்கு மூக்கிலேயே எழுதியிருக்கும்.

கதவிலிருந்த பெயரைச் சமூக சேவகி வாய்விட்டுப் படித்தார். என்ன அழகான செதுக்கு என்று மரத்தைத் தடவிப் பார்த்தார். உள்ளே வந்ததும் தலைவர் அம்மாவின் கம்பளிமேல் பொத்தென்று உட்கார்ந்து இரண்டு தடவை எழும்பி அமர்ந்தார். மெத்தை நல்ல மெத்தை என்று தீர்ப்பு வந்தது. டாக்டர் ஜன்னலைத் திறந்தார், அங்கே சிக்னல் நன்றாக வந்தது. குளியலறைக்குள் போன சமூக சேவகி, பிரஷ் டம்ளரைக் கண்டு நெகிழ்ந்துபோனார். ஒரு குழந்தைக்கு இத்தனை பிரஷா, எவ்வளவு அக்கறை என்றார்.

வார்டன் வாசல்படியில் தலை நீட்டி, பையனைக் கூட்டி வருகிறேன் என்று அம்மையாருக்குச் சைகை காட்டினான். கொஞ்சம் பொறு, முதலில் அக்கா பேசட்டும் என்று அம்மையார் கையமர்த்தினார். அவன் கூட்டத்தைப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் ஆவலில் அங்கேயே நின்றுவிட்டான்.

“இவங்கதான் சார் அவனோட அக்கா,” என்றார் அம்மையார். வெள்ளைப் பற்கள் அத்தனையும் பணிக்கு வந்திருந்தன. “நான் எதுவும் சொல்லப் போறதில்லை. குடும்பத்துக்காரங்க வாயால நீங்களே கேளுங்க.”

தலைவர் கட்டிலில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு, சொல்லும்மா என்பதுபோல் தலையசைத்தார். சமூக சேவகி கைப்பையைத் திறந்து, கண் கலங்குவதற்கு முன்னேற்பாடாகக் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டார்.

அக்காக்காரி ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். தலைவருக்கு மேல்வரிசை செட், கொஞ்சம் லூஸ். டாக்டருக்குப் புகையிலைக் கறை. சமூக சேவகிக்குப் பல் வரிசை சரிதான், ஈறு பின்வாங்குகிறது. இந்த வாய்களுக்கு முன்னால் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நிரந்தரம் என்ற ஒரு வார்த்தை அவள் தொண்டையில் இன்னும் கிடந்தது. அவள் செத்தபிறகும் யாரும் அவனைப் போ என்று சொல்ல முடியாது என்கிற வார்த்தை. கையிலிருந்த பிரஷின் பள்ளங்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை.

“சொல்லுங்க,” என்றார் அம்மையார், சிரிப்பு மாறாமல்.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரப்படாத, செருப்பில்லாத, ஒரே சீரான நடை. வார்டன் திரும்பிப் பார்த்தான். பிடிக்கக் கையை நீட்டியவன், கமிட்டியின் கண்கள் தன்மேல் இருப்பதைக் கண்டு நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

மேஸ்திரி வாசலுக்கு வந்து நின்றான். கஞ்சி காய்ந்த சட்டை, வீங்கிய கன்னம். தன் பெயர் தொங்கிய கதவை அவன் பார்க்கவில்லை. திறந்திருந்த அந்தக் கதவில் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினான். கால் கட்டை விரல்கள் நிலைப்படியைத் தொட்டும் தொடாமலும் நிற்குமாறு பாதங்களைச் சரிசெய்துகொண்டான். தட்டிய கையையும் மற்றக் கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். அக்காவை அவன் தேடவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த பெரிய மனிதரையும் பார்க்கவில்லை. நேராக இயக்குநர் அம்மையாரைப் பார்த்துக் கேட்டான்.

“மேடம், உள்ள வரலாமா? எதையும் தொடமாட்டேன்.”